டெம்பரேச்சர் அக்கா ஓட்டிய மாப்பிள்ளைக் கார்

கோட்டைப் பாறையே கொதிக்கும் செஞ்சி வெயிலில் சூடாகாத பொருள் ஒன்றே ஒன்றுதான். எங்கள் தெரு டெம்பரேச்சர் அக்காவின் கார் இன்ஜின். அதுவும் ஒரே ஒரு நாள் சூடானது. அன்று அதில் மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தவன் நான்.

அக்கா ஓய்வு பெற்ற நர்ஸ். வண்டி ஓட்டும்போது கண் டெம்பரேச்சர் முள்ளிலேயே இருக்கும், அதனால் அந்தப் பெயர். பக்கத்து வீடு. தன் பழைய வெள்ளைக் காரை எந்த மெக்கானிக்கையும் தொட விட்டதில்லை. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போதே பானட்டைத் திறந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் அளவு பார்த்து, ரப்பர் குழாய்களை அமுக்கிப் பார்த்த பிறகுதான் காபி. ராத்திரியில் காருக்கு அடியில் அட்டை விரிப்பார். அதில் சொட்டு விழுந்திருந்தால் ஒழுகல் என்று அர்த்தம்.

ஒருநாள் அட்டையின் ஓரத்தில் பச்சைச் சொட்டு. கூலன்ட்டும் பச்சை. அவ்வளவுதான், பகலெல்லாம் குழாய்களைக் கழற்றி மாட்டினார். சாயங்காலம் மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "அக்கா, காலைல என் புதினா சட்னி கீழ கொட்டிடுச்சி, வண்டி மேல பட்டுச்சா?" என்றார். அக்கா அவரோடு பேச்சை விட்டுவிட்டார்.

எனக்குப் பனமலையில் கல்யாணம். "என் வண்டிலதான்டா வர்ற" என்றார். பாதி வழியில் கரும்பு டிராக்டர் ஒன்றின் பின்னால் ஊர்ந்தபோது முள் சிவப்புக்கு ஏறியது.

"ஃபேன் சுத்தல. ஹீட்டரப் போடறேன், இன்ஜின் சூட்ட இழுத்துக்கும்."

"இழுத்து எங்க விடும்?"

"நம்ம மேலதான்."

சித்திரை மாதம். பட்டுச் சட்டை. ஹீட்டர். வேப்பமர நிழலில் வண்டி நிற்பதற்குள் நான் வெந்துவிட்டேன்.

முகூர்த்தம் தவறிவிடுமே என்ற பதற்றத்தில், கூட வந்த என் நைனா ஒரு குடம் தண்ணீரோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் பாய்ந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சூட்டுல தொறந்தா ஆவி மூஞ்சில அடிக்கும். பச்சத்தண்ணி ஊத்தினா இன்ஜின் வெடிச்சிடும். ஆறட்டும்."

"முகூர்த்தம் போயிடும்மா!"

"மூஞ்சி போனா பரவால்லியா?"

ஆறுவதற்குள் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார். ஃபேனின் ஃப்யூஸ் போயிருந்தது. ஹாரன் ஃப்யூஸைப் பிடுங்கி அங்கே மாட்டினார். ஃபேன் சுற்றியது. ஹாரன் செத்தது.

"ஹாரனுக்கு இன்னா பண்றது?" என்றேன்.

"நீ இருக்கிறியே!"

பனமலை வரைக்கும் ஜன்னலில் தலையை நீட்டி, "ஓரம் போ! ஓரம் போ!" என்று கத்திக்கொண்டே போனேன்.

மணமேடையில் தொப்பலாக நனைந்திருந்த என் முகத்தைப் பார்த்துப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "இஷ்டமில்லாம வந்தீங்களா? அழுதிருக்கிறீங்களா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

பின்னாலிருந்து அக்கா குனிந்தார். "அது வேர்வ, கண்ணு. உன்னக் கட்டிக்கணும்னு ஹீட்டர்ல வெந்துகிட்டே வந்தான்."

அவள் சிரித்தாள். நான் தாலி கட்டினேன்.

இப்போது எங்களுக்கே புதுக் கார் இருக்கிறது. ஆனாலும் வெளியூர் என்றால், அக்கா வந்து முன்சீட்டில் உட்காரும்வரை என் மனைவி வண்டியை எடுக்க விடுவதில்லை. எனக்கும் எடுக்க மனசு வருவதில்லை.