அத்தை மெஸ்ஸுக்கு நான் போட்ட தொண்ணூற்று நான்கு

நெய்வேலி

மதிப்பிற்குரிய அம்சவல்லி அத்தை அவர்களுக்கு, உங்கள் அண்ணன் மகன் வளவன் வணங்கி எழுதுவது. நீங்களும் கண்ணையன் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்; உங்கள் மெஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த அளவில் நலம்தான். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டதாலும், மெஸ் வாசலில் என் தலை தெரிந்தாலே மாமா கரண்டியோடு எழுந்து வருவதாலும், நாலு தெரு தள்ளி இருக்கிற உங்களுக்குத் தபால் எழுதும் நிலைக்கு வந்துவிட்டேன்.

எங்கள் பிளாக் குடியிருப்போர் சங்கத்தில், சாப்பாட்டுக் கடைகளின் சுத்தத்தைச் சோதித்து மார்க் போட்டு, கம்பெனி பஸ் நிற்கிற இடத்துப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று யோசனை சொன்னவன் நான்தான். இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ, பிளான்டில் கான்ட்ராக்டில் மீட்டர் சரிபார்க்கிற வேலை. எதையும் அளந்து எண்ணாக வெளியே வைத்துவிட்டால் உலகம் தானாகத் திருந்திவிடும் என்று நம்புகிற ஜென்மம். குழம்புக்குள் தெர்மாமீட்டரை விட்டேன், தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டேன். உங்கள் மெஸ்ஸுக்கு 94, எதிரே ஜாஸ்பர் பிரியாணிக் கடைக்கு 38. இரண்டும் நியாயமான மார்க், இப்போதும் சொல்வேன்.

காலையில் முதல் ஷிப்டுக்குப் போகிற கூட்டம் பலகையைச் சூழ்ந்தது. மைன்ஸ் செங்குட்டுவன் அண்ணன் சத்தமாகப் படித்துவிட்டு, "அத்தை கடைக்கு அண்ணன் புள்ள மார்க் போட்டா நூறே போட்டிருக்கலாமே, அந்த ஆறை ஏன்டா புடிச்சிகின?" என்றார். "ஜாஸ்பர் கடை முப்பத்தெட்டுண்ணே, அதைப் பாருங்க" என்றேன். "முப்பத்தஞ்சு எடுத்தாலே பாஸுடா! அவன் யார் சிபாரிசும் இல்லாம சொந்தமா பாஸ் பண்ணிருக்கான்!" பள்ளிக்கூடத்து பாஸ் மார்க் ஒன்று ஜனங்கள் மண்டையில் உட்கார்ந்திருப்பதை இந்த மேதாவி யோசிக்கவே இல்லை. அன்று மத்தியானம் ஜாஸ்பர் கடையில் வரிசை. உங்கள் மெஸ்ஸில் மாமாவும் மின்விசிறியும்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். மீட்டரில் முள் ஏறினால் திருகி இறக்குவதுதானே நம் வேலை, சொந்தக்காரன் என்ற சந்தேகம் தீரட்டும் என்று மறுநாள் உங்கள் 94-ஐ அழித்து 52 ஆக்கினேன். "ஒரே நாள்ல நாப்பத்திரண்டு மார்க் கொறையுதுன்னா, உள்ள எலி எதனா செத்துக் கெடந்துச்சா?" என்று ரெண்டாவது ஷிப்டு கூட்டம் பேச ஆரம்பித்தது. வதந்தியை வளர விடலாமா? உடனே பெரிய எழுத்தில் ஒட்டினேன்: 'அம்சவல்லி மெஸ்ஸில் எலி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.' அதுவரை எலியைப் பற்றிப் பேசியது நாலே பேர், அத்தை. அப்புறம் டவுன்ஷிப் முழுக்க. "இன்னும் கண்டுபுடிக்கலயாம் தம்பி, தேடிகினு இருக்காங்களாம்" என்று என்னிடமே ஒருவர் ரகசியமாகச் சொன்னார்.

குறிஞ்சிப்பாடிக் கல்யாணச் சமையல் ஆர்டர் கைவிட்டுப் போன அன்று நீங்கள் நடுரோட்டில் கேட்டீர்கள்: "என் வூட்டுச் சோத்தைத் துன்னுட்டு எனக்கே எலி வுட்டியேடா! இன்னும் ஒரு வாரம் இப்படியே போனா மெஸ்ஸை மூடிட்டு நானும் உங்க மாமாவும் எங்கடா போறது?"

என்னால் முடிந்ததைச் செய்கிறேன். என் ஷிப்டு ஆட்கள் எல்லாரையும் நாளை முதல் உங்கள் மெஸ்ஸுக்கே அழைத்து வருகிறேன். வாசலோர மேஜையில், ரோட்டில் போகிறவர்கள் பார்க்க, மூன்று வேளையும் நானே உட்கார்ந்து தின்று காட்டுகிறேன். மார்க் தாளையெல்லாம் கிழித்தாயிற்று. இனி உங்கள் மெஸ் பேர் அந்தப் பலகையில் ஏறவே ஏறாது, இது சத்தியம். மாமாவிடம் கரண்டியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அடுப்பு அணையாமல் எரிய, இலை காலியாகாமல் நிறைய, வேண்டிக்கொள்ளும்,
பிரெட்டும் ஜாமுமாகக் காலம் தள்ளும்,
வளவன்

பி.கு.: தப்பை ஊர் பார்க்கச் செய்துவிட்டு, மன்னிப்பை மட்டும் கவருக்குள் வைத்து ஒட்டுவது நேர்மையாகப் படவில்லை. அதனால் இந்தக் கடிதத்தைப் பெரிதாக்கி நகலெடுத்து, பஸ் நிறுத்தப் பலகையில் ஒட்டிவிட்டு, அங்கே நின்றுதான் இந்த வரிகளை எழுதுகிறேன். நல்ல கூட்டம். ஆனால் கடைசிவரை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. எலி வருகிற வரி வரை படித்து, அதை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள்.