மேனேஜர் அலமாரியில் முளைத்த கடிதம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பத்து டன் கிரேனை வைத்துப் பத்து கிராம் கடிதத்தை இறக்கிய மனிதர் கவர் நைனா ஒருவர்தான். உலகத்திலேயே ஒருவர்தான் என்று சொன்னாலும் மறுக்க ஆள் வராது.

அந்த இரும்பு ஆலையில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா; கேட்டில் நின்று லேட்டாக வருபவர்களைத் திட்டுவதும், உள்ளே போய் ஆட்களைக் கணக்கெடுப்பதும் என் வேலை. நைனா கிரேன் ஆபரேட்டர். கூரையை ஒட்டிய கூண்டில் உட்கார்ந்திருப்பார். கீழே இருப்பவனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதி, கவரில் போட்டு, கொக்கியில் மாட்டி இறக்குவார். சைரன் அலறும், ஆட்கள் விலகி ஓடுவார்கள், கொக்கி ஆடி ஆடி என் மூக்குக்கு நேராக வந்து நிற்கும். பதறிப் பிரித்தால், "அன்புள்ள தம்பி, இன்று உன் சட்டை பிரமாதம்" என்றிருக்கும்.

"வாட்ஸ்அப்ல சொன்னா ஆவாதா நைனா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுல வர்ற குட்மார்னிங்க நீ இன்னா பண்ற?"

"அழிச்சிடுவேன்."

"என் லெட்டர அழி, பாக்கலாம்!"

முடியாதுதான். அவர் கையால் செய்த காகிதத்தைக் கிழிக்க இரண்டு பேர் வேண்டும். பழைய ஷிப்ட் ரிப்போர்ட்டுகளை ஊறவைத்து, கேன்டீன் கிரைண்டரில் அரைத்து, கொசுவலை அடித்த சட்டத்தில் வார்த்து, வெயிலில் காயவைப்பார். வெங்காயத் தோல், ஆயுத பூஜைச் சாமந்தி எல்லாம் மேல் அலங்காரம்.

வினை சட்னியில் வந்தது. அரைபடாமல் தப்பிய ஒரு துண்டு, அதுவும் மேனேஜர் தட்டில். "மூன்று பேர் லீவு" என்று அதில் தெளிவாகப் படிக்க முடிந்தது.

"என்ன மாஸ்டர் இது?" என்று கேன்டீன் சமையல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நைனா பேப்பரு சார். கிரைண்டர கழுவத்தான் கழுவுனேன்..."

அன்றே நைனாவுக்கு மெமோ. விளக்கம் சரியில்லை என்றால் சஸ்பென்ஷன். "ரெண்டு வரில மன்னிப்பு கேட்டுடு நைனா" என்று கெஞ்சினோம்.

நைனா நான்கு பக்கம் எழுதினார். புதுக் காகிதம்; அழகுக்காக வெந்தயம் தூவியது. "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி, மேனேஜர் மகள் பரீட்சை எப்படி எழுதினாள் என்று விசாரித்து, மழைக்குக் குடை எடுத்துப் போகச் சொல்லி, கடைசி வரியில்தான் மன்னிப்புக்கு வந்தார். மேனேஜர் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஃபைலில் சொருகிவிட்டார்.

விசாரணைக்கு முன்னால் ஒரு வாரம் அடைமழை. மேனேஜர் அறைக் கூரை, ஃபைல் இருந்த அலமாரி மேலேயே ஒழுகியது. விசாரணையன்று அலமாரியைத் திறந்தவன் நான்.

"விளக்கக் கடிதம் எங்கே?"

"முளைச்சிடுச்சு சார்."

மேனேஜர் முறைத்தபடி ஃபைலை வாங்கினார். விரல் நீளத்துக்கு வெந்தயக்கீரை. அதை விலக்கி விலக்கி, மை கரையாமல் மிஞ்சிய வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"பொண்ணு பாஸ் பண்ணிட்டா, நைனா" என்றார் கடைசியில்.

"ரொம்ப சந்தோசம் சார். கீரைய நான் எத்துக்கினு போவட்டா?"

விசாரணை அத்தோடு முடிந்தது. மாலையில் கேன்டீன் சுவரில் மேனேஜர் கைப்பட எழுதிய உத்தரவு தொங்கியது: "கிரைண்டரில் இட்லி மாவு மட்டும்." நைனா அதன் முன்னால் நின்று, "எழுத்து சுமார்தான். ஆனா கைல எழுதிக்கீறாரு பாரு!" என்று பூரித்துப் போனார். மறுவாரமே சொந்தமாக ஒரு மிக்ஸி வாங்கிவிட்டார்.

அப்புறம் எனக்கு டெங்கு வந்து, கவரைப்பேட்டை வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தேன். போனில் கைகூப்பும் பொம்மைகள் வந்து குவிந்தன. நைனாவிடமிருந்து தபாலில் ஒரு கவர் வந்தது. உள்ளே ஒரே வரி: "நீ இல்லாம கேட்டாண்ட நின்னு திட்டறதுக்கு ஆளே இல்ல, சீக்கிரம் வாடா."

"என்ன எழுதியிருக்காரு?" என்று மனைவி கேட்டாள். கடிதத்தைத் தலையணைக்கு அடியில் செருகினேன். ஜுரம் என்று சைகை காட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.