பதினோரு நாள் மௌனமும் பிரேக் ஆயிலும்

அன்பும் பொறுமையும் மிகுந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் கை கால் முழுசாக இருக்கிறோம். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் எங்களைவிட நிம்மதியாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து தன்னை அழைத்துப் போகச் சொல்லி உங்கள் தங்கை உங்களுக்குப் போன் செய்ததை அடுத்த அறையிலிருந்து கேட்டேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து இதை முழுசாகப் படித்துவிட்டு வண்டியைக் கிளப்புங்கள்.

நடந்தது இதுதான். கடைக்குக் காரை ஓட்டிப் போய் வரும்போதெல்லாம் அவள் "பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குது, என்னன்னு பாருங்க" என்று மூன்று மாதமாகச் சொன்னாள், நானும் "உனக்கு எதை எடுத்தாலும் குறை" என்று மூன்று மாதமாகச் சொன்னேன், போன வாரத்துக்கு முந்தின வாரம் நான் ஓட்டி வந்தபோது வண்டி வாசலில் நிற்காமல் அவளுடைய ஏழு ரோஜாத் தொட்டிகள் மேல் ஏறி நின்றது. அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "வழியில தொட்டிய வைக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டுத் தொலைத்தேன். அன்றோடு பேச்சு நின்றது.

நானே வண்டியைச் சரி செய்துவிட்டால் அவள் மனசு இறங்கும் என்று கணக்குப் போட்டேன். பழைய ஆயிலை வடித்துப் புதுசு ஊற்ற வேண்டும், குழாயில் சிக்கிய காற்றை எடுக்க வேண்டும், அவ்வளவுதானே? பள்ளி ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் குடுவையும் குழாயுமாகக் குப்பை கொட்டியவனுக்கு இது ஒரு வேலையா? ஆனால் இதற்கு இரண்டு ஆள் வேண்டும், மச்சான். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், மற்றவர் சக்கரத்தடியில் படுத்து ஒரு சின்னத் திருகைத் திறந்து ஆயிலைப் பாட்டிலில் பிடித்து, மூடிய பிறகு "விடு" என்று சொல்ல வேண்டும். மூடுவதற்கு முன்னால் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். பேசாத பெண்டாட்டியை வைத்துக்கொண்டு இதை எப்படிச் செய்வது? ஒரு சீட்டு எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டினேன்: ஒரு தட்டு தட்டினால் மிதி, இரண்டு தட்டினால் விடு. அவள் அதன் கீழே "சரி" என்று எழுதிவிட்டு உட்கார்ந்தாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுத் தச்சர் கட்டில் செய்ய உட்காருவார் என்று நான் கண்டேனா? நான் திருகைத் திறந்து வைத்திருக்கும்போது அவர் இரண்டு தட்டு தட்டுவார், இவள் காலை எடுப்பாள், பாட்டிலில் பிடித்த அழுக்கெல்லாம் களுக்கென்று திரும்பி உள்ளே ஓடும். இந்த அவஸ்தையில் பானெட்டுக்குள் இருக்கும் டப்பாவில் புது ஆயில் ஊற்ற மறந்தேன், அது காலியாகி இன்னும் காற்று புகுந்தது, அவசரமாக ஊற்றப் போய் வண்டி மேலே சிந்தி, அந்த ஆயில் பட்ட இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் உரிந்தது. கடைசியில் உள்ளேயிருந்து ஒரு குரல்:

"இப்ப தட்டினது நீங்களா, தச்சரா?"

மச்சான், பதினோரு நாளைக்கு அப்புறம் கேட்ட குரல். கண்ணில் தண்ணி வந்துடுச்சு. "தச்சர்! கால எடுத்துடாதே!" என்று கத்தினேன். அவள் எடுக்கவில்லை. மிதித்த கால் மிதித்தபடியே மூன்று மாதத்தையும் கொட்டித் தீர்த்தாள். "நான் சொன்னா மட்டும் ஏன் உங்க காதுல ஏறமாட்டேங்குது? அன்னைக்குத் தொட்டி இருந்த இடத்துல ஒரு குழந்தை நின்னிருந்தா?" ஸ்பேனரும் கையுமாகக் கிடந்தவன் எங்கே எழுந்து ஓடுவது? "நீ சொன்னதுதான் சரி, தப்பு என்னோடதுதான்" என்றேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் இந்த வாக்கியத்தை முதல் தடவையாகச் சொல்கிறேன். அதன்பின் "மிதி", "மிதிச்சாச்சு", "விடு", "விட்டாச்சு" என்று நாலு சக்கரத்தையும் முடித்தோம். இப்போது பெடல் கல்லு மாதிரி நிற்கிறது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை போகிறாளா இல்லையா என்று அவள் வாயைத் திறக்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் நீங்கள் வராதீங்க, மச்சான். நானே கூட்டிக்கிட்டு வர்றேன், சாப்பிட்டுவிட்டு ரெண்டு பேருமாத் திரும்பிடறோம். அவ இல்லாம இந்த வீட்டுல எனக்கு இருப்புக் கொள்ளாது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறு வயசு இருக்கட்டும், அவர்கள் ஏறும் வண்டியெல்லாம் சொன்ன இடத்தில் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையை நம்பி வாழும்
மாப்பிள்ளை

பின்குறிப்பு: அண்ணா, இது நான். ஒட்டிப் போடச் சொல்லி என்கிட்ட கொடுத்தார், படிச்சுட்டேன். பெடல் கல்லு மாதிரியெல்லாம் இல்ல, களிமண் மாதிரி இருந்துச்சு. அவர் குளிச்சுட்டு அசந்து தூங்கின நேரத்துல மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ஆயில் டப்பாவுக்குத் தூரத்துல இருக்கற சக்கரத்துல ஆரம்பிக்கணுமாம், இவர் கிட்டத்துல இருந்து ஆரம்பிச்சிருக்கார். மெக்கானிக் மிச்சக் காத்தை எடுத்துட்டு, ஓட்டியும் பார்த்துட்டுத்தான் போனார். அது இவருக்குத் தெரிய வேண்டாம். என் கோபமும் மூணாம் நாளே போயிடுச்சு. ஆனா நான் பேசலைன்னதும் துணி காயப்போடறதும், காய் நறுக்கறதும், சொல்லாமலே எல்லாம் அவர் கையாலயே நடந்துச்சு, பேச மனசே வரல. ஞாயித்துக்கிழமை நீங்க வர வேண்டாம், அவர் பக்கத்துல உட்கார்ந்து நானே வர்றேன். இதை அவர்கிட்ட இன்னும் சொல்லல. சனிக்கிழமை வரைக்கும் பயத்துலயே இருக்கட்டும், பரண் இன்னும் சுத்தம் பண்ணாம கிடக்கு.