கொண்டை ஊசி வளைவுல நான் போட்ட கேஸ்

போன வாரம் ஒருநாள் எனக்கு இருந்தது ஒரே வேலைதானுங்க. மஞ்சூர் போய் டெய்லர் சகாயம் அண்ணன்கிட்ட பட்டு ப்ளவுஸை வாங்கிட்டு வரணும். மறுநாள் காலைல என் தங்கச்சிக்குக் கல்யாணம்.

கூடவே ஒரு ஹோம்வொர்க். ஆன்லைன்ல இங்கிலீஷ் கத்துக்கறேன். ஃபேக்டரி ஆபீஸ்ல நாலு பேர் முன்னாடி கெத்தா பேசணுமாம், ஆசையைப் பாருங்க!

அன்னிக்குப் பாடம் கோர்ட்டு, கேஸு. 'ஐ வில் சூ யூ'ன்னா உம்மேல கேஸ் போடுவேன். 'ட்ராப் தி கேஸ்'னா கேஸை வாபஸ் வாங்கறது. "உணர்ச்சியோட பேசி வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க"ன்னாங்க டீச்சர்.

உணர்ச்சிதானே, நமக்குச் சொல்லணுமா! கண்ணாடி முன்னாடி நின்னு கத்தினேன்.

"ஐ வில் சூ யூ! ஐ வில் டேக் யூ டு கோர்ட்! சீ யூ இன் கோர்ட்!"

அம்மா கரண்டியோட ஓடி வந்தாங்க. "யாருகூடடி சண்டை?"

எங்க எஸ்டேட்ல சிக்னல் வரும், போகும். அப்போ சுத்தமா இல்ல. மெசேஜ் போகாம அப்படியே நின்னுச்சு. பஸ் ஏறி ஒரு கொண்டை ஊசி வளைவு திரும்பினதும் சிக்னல் வந்து 'டிங்'னு போயிருச்சு.

ஆனா டீச்சருக்கு இல்லைங்க. சகாயம் அண்ணனுக்கு!

காலைல இருந்து "ப்ளவுஸ் ஆச்சா?"ன்னு அவரை நச்சரிச்சதுல, அவர் பேருதான் மேல இருந்திருக்கு. பார்க்காம அதையே அமுக்கிட்டேன்.

அழிக்கலாம்னு பார்த்தா வளைவு தாண்டியாச்சு, சிக்னல் போச்சு.

"அண்ணா, பஸ்ஸைக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்களேன்!"

கண்டக்டர் என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. "ஏனுங்க, இந்த வளைவுலயா? பஸ்ஸு உங்க ஊட்டுதுங்களா?"

மஞ்சூர் போனா கடை பூட்டிக் கிடக்கு.

பக்கத்து பேக்கரிக்காரர் சொன்னாரு: "நீங்கதானுங்களா அது? அண்ணன் இங்க வந்து போட்டுக் காமிச்சாரு. நான்தான் அர்த்தம் சொன்னேன். வக்கீலைப் பார்க்க ஊட்டி பஸ் ஏறிட்டாரு."

"என் ப்ளவுஸு?"

"அதையும் எடுத்துட்டுப் போயிட்டாருங்க. ஆதாரமாம்!"

எனக்கு அழுகையே வந்துருச்சு. ஃபோன் பண்ணினேன்.

"எதுவா இருந்தாலும் வக்கீல்கிட்ட பேசிக்குங்கம்மா!"

"அண்ணா, அது ஹோம்வொர்க்குண்ணா!"

"ரெண்டு தடவை நாளைக்கு நாளைக்குன்னு சொன்னது என் தப்புதான். அதுக்காகக் கோர்ட்டுக்கா இழுப்பாங்க?"

வேற வழியில்லாம டீச்சரையும் லைன்ல சேர்த்தேன். அண்ணன் அந்த மெசேஜை லைன்லயே போட்டுக் காமிக்க, கேட்டுட்டு டீச்சர் சொன்னாங்க: "சூப்பர்! என்ன ஒரு கோபம்! ஃபுல் மார்க்!"

அதுக்கப்புறம்தான் அண்ணன் நம்பினாரு. பாதி வழில இறங்கி, எதிர் பஸ் புடிச்சு வந்தாரு. ஆனா ப்ளவுஸைக் கையில குடுக்கல.

"பேக்கரில எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அதே இங்கிலீஷ்ல, அவங்க முன்னாடி வாபஸ் வாங்குங்க."

பப்ஸ் தின்னுட்டிருந்த அத்தனை பேர் முன்னாடியும் நின்னு சொன்னேன். "ஐ ட்ராப் தி கேஸ்!" கைதட்டல் வேற!

ஊட்டுக்கு ஓடி வந்து போட்டுப் பார்த்தா, ஒரு கொக்கி கூட மாட்டலைங்க. புடிச்சுத் தைச்சு வெச்சிருக்காரு மனுசன்!

கல்யாண போட்டோ அத்தனையிலயும் நான் பட்டுச்சேலைக்கு மேல ஸ்வெட்டர் போட்டுட்டு நிக்கறேன்.

கேட்டவங்ககிட்ட எல்லாம் குளிருன்னு சொல்லி வெச்சேன். கேஸைத்தான் வாபஸ் வாங்கிட்டேனே!