சபரிநாதனின் மினி டிபன்

"ரவா தோசை, சட்னி!" என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார் சபரிநாதன்.

பந்தோடு நின்ற மதன் திரும்பிப் பார்த்தான். "சட்னின்னா லெஃப்டா சார்?"

"சட்னின்னா ஓடுற மாதிரி ஆக்ட் பண்ணணும்! சாம்பார்னாதான் நெஜமா ஓடணும்!"

மதன் நடிக்க ஆரம்பிப்பதற்குள் எதிரணி ஆள் ஒருவன் அவன் இடுப்பில் தொங்கிய துணிப்பட்டையை உருவிக்கொண்டு போய்விட்டான். ஃப்ளாக் ஃபுட்பாலில் பட்டை போனால் அந்த முயற்சி அவ்வளவுதான்.

வெஸ்ட் வின்ட்சர் பூங்காவில் தேங்க்ஸ்கிவிங் வாரக் குளிர். சபரிநாதன் கோச்சாக இருந்த கம்பெனியின் டெவலப்மென்ட் அணியும் டெஸ்டிங் அணியும் மோதிக்கொண்டிருந்தன. வைஸ் பிரசிடென்ட் சுவாமிநாதன் மடக்கு நாற்காலியில் காபியோடு உட்கார்ந்திருந்தார். "டைரக்டர் போஸ்ட் யாருக்குன்னு மேட்ச் முடிஞ்சு சொல்றேன். ஆளுங்களை எப்படி லீட் பண்றீங்கன்னு நேர்ல பாக்கணும்" என்று சொல்லியிருந்தார். சபரிநாதனின் மனைவி ஷ்யாமளா அந்த வேலை கிடைத்துவிட்டதாகவே தன் அக்காவிடம் சொல்லி முடித்திருந்தாள். தோற்றால் ஆபீஸை விட வீட்டில்தான் அவமானம்.

ஆட்டத்துக்காக சபரிநாதன் பிளெய்ன்ஸ்பரோ நூலகத்தில் எடுத்த ஃப்ளாக் ஃபுட்பால் புத்தகம் மிக எளிமையாகத்தான் சொன்னது. வலப்பக்க ஓட்டம், இடப்பக்க ஓட்டம், ஒரு குட்டி வீச்சு. மூன்றையும் ஒரே மாதிரி ஆரம்பியுங்கள், எதிரணி தானாகக் குழம்பும்.

சபரிநாதனுக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. மூன்றே மூன்று என்றால் தன்னைப் போல ஒரு சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட் எதற்கு? போன வருடம் ஒரு வாடிக்கையாளர் சின்னதாக பில்லிங் சாஃப்ட்வேர் கேட்டபோது கல்யாண ஆல்பம் கனத்துக்கு டிசைன் கொடுத்தவர் அவர். அது இன்றுவரை மக்கர் பண்ணாமல் ஓடுகிறது. சுவாமிநாதன் எந்த மீட்டிங்கிலும் அதைப் புகழாமல் விடுவதில்லை.

இன்றைய ஆட்டத்திலும் முதலில் "ரைட் ரன்!" என்று இங்கிலீஷில்தான் கத்தினார். எதிரணி முழுக்க வலப்பக்கம் போய் நின்றது. உடனே டிபன் பெயர்களுக்கு மாறினார்.

எதிரணியின் கோச் சிறீஸ்கந்தராசா யாழ்ப்பாணத்துக்காரர். டைரக்டர் போட்டியில் அவரும் இருந்தார். இரண்டு முறை கேட்டதுமே பிடித்துவிட்டார். "தோசையெண்டா வலப்பக்கம்! ஓடிப்போய் மறியுங்கோ!"

அதனால்தான் சட்னியும் சாம்பாரும் சேர்ந்தன. இப்போது எதிரணிக்கும் புரியவில்லை, சொந்த அணிக்கும் புரியவில்லை.

சபரிநாதன் அசரவில்லை. இடைவேளையில் எல்லாவற்றையும் எழுதி ஆளுக்கொரு அட்டையாகக் கையில் கட்டிவிட்டார். எழுத்து எறும்பு சைஸ். மகிழன் கண்ணாடியைக் கழற்றி அட்டையைப் படித்துக்கொண்டிருந்தபோது பந்து அவன் நெற்றியில் பட்டுத் திரும்பியது.

"சார், பேசாம ரைட், லெஃப்ட், குட்டி த்ரோன்னு அந்த மொத மூணையே ஆடலாமே?" என்றான் நெற்றியைத் தடவியபடி.

"மகிழா, வி.பி. பாத்துட்டிருக்காரு. சிம்பிளா பண்ணா வேலை செய்யலைன்னு நெனச்சுக்குவாரு."

கடைசி முயற்சி வந்தது. பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி ஒரு டச் டவுன் போட்டால் ஜெயம். சபரிநாதன் மூச்சை இழுத்து, இதுவரை சொன்ன அத்தனையையும் ஒன்றாகக் கலந்த தன் மகா திட்டத்தை அறிவித்தார்.

"மினி டிபன்!"

"மினி டிபனெண்டா என்ன?" என்று சிறீஸ்கந்தராசா பதறினார். அவர் ஆட்கள் நாலா பக்கமும் சிதறினார்கள்.

சபரிநாதனின் அணி வட்டமாகக் கூடி ஏதோ பேசித் தலையாட்டியது. மதன் பந்தை வாங்கினான், இரண்டு மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்த பிரீத்தியின் கையில் கொடுத்தான். அவள் வலப்பக்கமாக ஓடினாள். நேராக ஓடினாள். கோட்டைத் தாண்டிவிட்டாள்.

சபரிநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஷ்யாமளாவை அழைக்கப் பாக்கெட்டில் ஃபோனைத் தேடினார்.

சுவாமிநாதன் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரமாதம் சபரி! அந்த பில்லிங் சாஃப்ட்வேர் மாதிரியே! எவ்வளவு காம்ப்ளெக்ஸா யோசிச்சாலும் டெலிவரி பக்கா. டைரக்டர் நீங்கதான், மண்டே லெட்டர் அனுப்பிடறேன்."

மூச்சிரைக்க வந்த பிரீத்தியையும் அவர் விடவில்லை. "சொல்லும்மா, இந்த மினி டிபனை எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க?"

"புரியல சார்" என்றாள் பிரீத்தி வெள்ளந்தியாக. "சபரி சார் எவ்வளவு குடுத்தாலும் தலையாட்டிட்டு மொத மூணை மட்டும் பண்ணணும்னு ஜாயின் பண்ண அன்னைக்கே டீம்ல எல்லாரும் சொல்லிட்டாங்க. அந்த பில்லிங் சாஃப்ட்வேர்லயும் மூணு ஸ்க்ரீன்தானே சார் இருக்கு, நீங்க ரெண்டு பேரும் தொறந்தே பாக்கலையா?"