டெல்டா காலண்டர்

பிள்ளைகளே, கம்ப்யூட்டரில் எதைத் தேடினாலும் அது அள்ளி அள்ளிக் கொடுக்கும். அதில் நமக்கு வேண்டியது எது என்று அதற்குத் தெரியாது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கும் அன்று தெரியவில்லை.

சிவகாசியில் தெருவுக்கொரு பிரவுசிங் சென்டர் முளைத்திருந்த காலம். நான் ஒரு காலண்டர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தேன். என் மகள் மகேஸ்வரி எட்டாம் வகுப்பு. பள்ளிக் கண்காட்சியில் ஆற்று டெல்டாவைப் பற்றி அவள் பேச வேண்டும். தலைமையாசிரியைக்குப் பிடித்துவிட்டால் விருதுநகரில் மாவட்டக் கண்காட்சிக்குப் போகலாம். ஒரு வாரமாகச் சுவரைப் பார்த்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, டெல்டா படம் மட்டும் எடுத்துட்டு வந்துருங்க. மறந்துராதீக."

காலண்டர் சீசன். மேஸ்திரியிடம் கெஞ்சிவிட்டு ஓடினேன். சென்டர் நாற்காலியில் உட்கார்ந்தும் கால் தன்பாட்டுக்கு ஆடியது. 'டெல்டா' என்றேன், சென்டர்காரர் தட்டினார். வந்தது பாருங்கள்! துப்பாக்கியோடு பாயும் கம்ப்யூட்டர் விளையாட்டுச் சிப்பாய். மோட்டார் ஒயரிங். ஒரு கணக்கு முக்கோணம். அம்புக்குறி மேல் முக்கோணம் போட்ட ரசாயனப் பாடம். கடைசியில், வேரோடு பிடுங்கிய செடி மாதிரி ஓர் ஆறு.

"எது வேணும் அண்ணாச்சி?"

"எல்லாத்துலயும் டெல்டான்னுதான போட்டிருக்கு? அம்புட்டையும் எடுங்க. லோடு ஏத்தணும், சீக்கிரம்!"

(அச்சகத்தில் ஒரு தாள் குறைந்தாலும் மேஸ்திரி கத்துவார். அந்தப் பயம் என் மூளையையும் சேர்த்து பைண்டிங் செய்திருந்தது.)

அச்சகத்துக்குப் பறந்தேன். பளிச்சென்ற சிப்பாயை மேலே, மங்கலான ஆற்றை அடியில் வைத்து, தினசரி காலண்டர் மாதிரியே தலையில் தகரப் பட்டை அடித்தேன். ஆணியில் மாட்ட வளையம் வேறு! வேலை முடிய விடிந்துவிட்டது. தூக்குவாளியும் கையுமாக நேரே பள்ளிக் கண்காட்சிக்குப் போனேன்.

மகேஸ்வரி வாங்கிப் பார்த்தாள்.

"இது என்னப்பா?"

"டெல்டா."

"துப்பாக்கிக்காரன்ல நிக்கான்!"

"அடியில இருக்கு தாயி."

தலைமையாசிரியை இரண்டு மேசை தள்ளி வந்துவிட்டார். பட்டையைப் பிடுங்கப் பார்த்தேன். நான் அடித்த பட்டை, அசைவேனா என்றது. (வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை, அந்த நேரம் பார்த்தா?) அவள் கண் நிறைந்துவிட்டது. நான் சுடுமணலில் நிற்பவன் போல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன்.

சர்ர்!

சிப்பாயைக் கிழித்தாள். ஒயரிங்கைக் கிழித்தாள். கசக்கி என் சட்டைப் பையில் திணித்தாள். பை நிறைந்துவிட்டது.

"தூக்குவாளியத் திறங்கப்பா!"

கணக்கும் ரசாயனமும் வாளிக்குள் போயின. தலைமையாசிரியை வந்து நின்றபோது ஆறு மட்டும் தொங்கியது. காவிரி கிளை பிரிந்து, வண்டலைப் பரப்பி, கடலில் சேர்வதை மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"நல்லாச் சொன்ன. ஒத்தத் தாளுக்கு எதுக்கும்மா இம்புட்டுப் பெரிய பட்டை?"

"எங்கப்பா காலண்டர் கம்பெனி, டீச்சர். இது டிசம்பர் முப்பத்தொண்ணு."

தலைமையாசிரியை வாய்விட்டுச் சிரித்தார். மகேஸ்வரி விருதுநகர் போனாள். படம் எடுக்கும் பொறுப்பை மட்டும் அவளுடைய டீச்சரே ஏற்றுக்கொண்டார்.

இன்றும் நான் எதையாவது வளவளவென்று பேசினால், வீட்டில் யாராவது காற்றில் கையை இழுத்து "சர்ர்!" என்பார்கள். இந்தக் கட்டுரையை எழுதி மகேஸ்வரியிடம்தான் முதலில் கொடுத்தேன். மேலிருந்த மூன்று தாளைக் கிழித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

நீங்கள் படித்தது மிச்சம்.