சர் பெர்ட்ரம் சிந்திய கண்ணீர்

ஓஹையோ மாநிலத்து மில்ஃபோர்க்கில், வெள்ளிக்கிழமை மாலைகளில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் மீன் வறுவல் விருந்து நடக்கும். இவ்வாண்டு மீனைச் சீந்துவாரில்லை. முழங்கை உயரப் பீங்கான் போர்வீரர் ஒருவர் அழுவதைக் காணவே வரிசை தெருமுனைவரை நீண்டது. சர் பெர்ட்ரம் என்பது அவர் திருநாமம். வெள்ளிக் கவசம், கையில் வாள், தலைக்கவசத்தின் உச்சியில் சிவப்பு இறகுக் கொத்து. முகமூடியின் பிளவிலிருந்து கண்ணீர் சொட்டும். நோயாளியின் நோயைத் தாமே வாங்கிக்கொள்வதால் அழுகிறாராம்.

அவருடைய பூவுலகப் பிரதிநிதி தர்லோ ஹாஸ்கெட், பழைய கார்களை விற்று நாவன்மை பெற்றவர். கண்களை மூடி இறகுக் கொத்தைத் தொடுவார், வீரர் அழுவார். காணிக்கை விழுந்ததும் மறுபடி தொடுவார், வீரர் தேறிவிடுவார். எத்தனை ஒழுங்கான துக்கம்!

ஓரின் கோபெக்கிக்கு இதயக் குழாய்களில் அடைப்பு. திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. அதுவரை காபிகூடக் கூடாது என்பது மருத்துவர் கட்டளை. நோயை வீரர் வாங்கியாயிற்று, கத்தி எதற்கு என்று ஹாஸ்கெட் சொன்னதிலிருந்து, மருத்துவமனைக்குப் போவதில்லை என்று அவர் அடம்பிடித்தார். மனைவி வெர்னா சொல்லிப் பார்த்தார்.

"எங்கப்பா வீட்டு அடித்தளத்துல இதே மாதிரி ரெண்டு பேரு நின்னாங்க. உள்ள விஸ்கி இருக்கும். இறகுதான் மூடி. உங்க மாமா வீட்லயும் இருந்துச்சே, ஓரின்?"

"அது பாட்டில். இவர் சர் பெர்ட்ரம்."

இதற்கு மேல் என்ன வாதாடுவது? அந்த வெள்ளிக்கிழமை, வீரர் திரைக்குப் பின்னால் ஓய்வெடுக்க, பிரதிநிதி இரண்டாம் தட்டு மீனுக்குப் போனார். வெர்னா இறகைப் பிடித்து இழுத்தார். உள்ளே தண்ணீர். அதைத் தொட்டியில் கொட்டிவிட்டு, கூடத்துக் காபியை உச்சிவரை நிரப்பி, இறகை இறுக்கிச் செருகினார்.

திரை விலகியது. ஓரின் முன்னே வந்தார். ஹாஸ்கெட் இறகைத் தொட, பழுப்புத் துளிகள் வழிந்தன. ரத்தம் என்றாள் ஒருத்தி. பாதிக் கூட்டம் மண்டியிட்டது. ஹாஸ்கெட்டும் ஒரு கணம் வெலவெலத்தார். ஆனால் தொழில் கைவிடவில்லை.

"பாத்தியா ஓரின், உன் ரத்தத்தையே சுத்தம் பண்றாரு."

சொல்லி, ஒரு துளியைத் தொட்டு ஓரினின் நெற்றியில் வைத்தார். அது மூக்கின் வழியே உதட்டுக்கு இறங்கியது. மாதக்கணக்கில் காபிக்கு ஏங்கிய நாக்கு அதைத் தடுத்து நிறுத்தியது.

"வெர்னா," என்றார் ஓரின் மெதுவாக, "இது காபி. சர்க்கரை கம்மி."

வெர்னா முன்னே வந்து இறகைப் பிடுங்கினார். வீரரின் மண்டையிலிருந்து ஆவி பறந்தது. பிளவில் இரண்டு ஊசித்துளைகள். மூடி இறுகினால் காற்று புகாது, நீர் நிற்கும், தளர்ந்தால் சொட்டும். அற்புதம் அவ்வளவுதான்.

"தர்லோ," என்றார் ஓரின், "என் நோயை வாங்கிக்கிட்டாருன்னியே. இவரு வாங்கினது காபிதானேப்பா."

வரிசையின் கடைசியில் ஒருவர், மீன் மிச்சமிருக்கிறதா என்று விசாரித்தார்.

திங்கட்கிழமை ஓரின் மருத்துவமனைக்குப் போனார், பிழைத்தும் வந்தார். சர் பெர்ட்ரம் இப்போது கூடத்து அலமாரியில் இறகில்லாமல் நிற்கிறார். தலைக்குள் ஊற்றியதையெல்லாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வது பீங்கானுக்கு இயல்பு. நமக்கு என்ன வந்தது?